புல்லைப் பிடுங்கினால் பணம்! பாலைவன நகரில் இலையுதிர் காலம்

விடியற்காலை நேரம். தெருவில் ஒரு கார் மெதுவாக வருகிறது. வீடுகளில் பலர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

காரில் இருப்பவர் ஓர் அதிகாரி. அவர் திருடனைத் தேடி வரவில்லை. வீணாக ஓடும் தண்ணீரைத் தேடி வருகிறார்!

ஒரு வீட்டின் முன்னால் பச்சைப் புல்தரை. தண்ணீர் தெளிக்கும் குழாய் சுற்றிக்கொண்டு இருக்கிறது. தண்ணீர் புல்லைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, ரோட்டில் ஓடுகிறது.

அதிகாரி காரை நிறுத்துகிறார். ஓடுகிற தண்ணீரைப் படம் பிடிக்கிறார். வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை போகும். மறுபடியும் தண்ணீர் ஓடினால் அபராதம். அதற்குப் பிறகும் ஓடினால் அபராதத் தொகை இரட்டிப்பு ஆகும்.

இது நடப்பது அமெரிக்காவில். ஊரின் பெயர் லாஸ் வேகாஸ். சூதாட்ட விடுதிகளுக்கும், கண்ணைப் பறிக்கும் விளக்குகளுக்கும் பேர்போன ஊர். நெவாடா மாகாணத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கிறது.

அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 4 அங்குலம்தான். கோடையில் 110 டிகிரி வெயில் சர்வ சாதாரணம். 2024-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி வெப்பம் 120 டிகிரியைத் தொட்டது. அந்த ஊரின் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம்.

இப்படிப்பட்ட ஊரில் புல்தரை வளர்ப்பது எப்படி? வளர்க்கத்தான் வேண்டுமா? ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் வந்தால் அங்குள்ள குடும்பங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெயரே "புல்வெளி"

"லாஸ் வேகாஸ்" என்பது ஸ்பானிஷ் மொழிச் சொல். அதற்கு "புல்வெளிகள்" என்று அர்த்தம்!

பாலைவனத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு காலத்தில் அங்கே ஊற்றுகள் இருந்தன. பூமிக்கு அடியில் இருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. ஊற்றைச் சுற்றிப் புல் வளர்ந்தது. வழிப்போக்கர்கள் அங்கே தங்கி, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

1905-ம் ஆண்டு ரெயில்வே கம்பெனி அங்கே மனைகளை ஏலம் விட்டது. ஊர் பிறந்தது. ஜனங்கள் வந்தார்கள். கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீரை இறைத்தார்கள், இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

1962-ல் ஊற்று நின்றுவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த ஊற்று வற்றிவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆற்றில் ஒரு பங்கு

அதன் பிறகு ஊரைக் காப்பாற்றி வருவது கொலராடோ ஆறு. அந்த ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டி, 1935-ல் திறந்தார்கள். 726 அடி உயரம் உள்ள அணை. அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரிக்கு "மீட் ஏரி" என்று பெயர். லாஸ் வேகாஸ் மக்கள் குடிக்கும் தண்ணீரில் 100-க்கு 90 பங்கு இந்த ஏரியில் இருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தத் தண்ணீரை இஷ்டம்போல் எடுக்க முடியாது. ஆற்று நீரை மாகாணங்கள் பங்கு போட்டுக்கொண்டு இருக்கின்றன. 1928-ல் வந்த சட்டப்படி கலிபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி. அரிசோனாவுக்கு 28 லட்சம். நெவாடாவுக்கு 3 லட்சம்தான்!

(ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஓர் ஏக்கர் அடி.)

நெவாடாவுக்கு ஏன் இவ்வளவு குறைவு? அப்போது அங்கே ஆள் இல்லை. 1930-ல் லாஸ் வேகாஸ் நகரின் ஜனத்தொகை சுமார் 5 ஆயிரம். இன்று நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்து 20 லட்சத்துக்கு மேல். பங்கு மட்டும் அதே 3 லட்சம்.

ஏரி இறங்கியது

2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஆற்றில் வரத்து குறைந்தது. மலைகளில் பனி குறைந்தது. வெப்பம் கூடியது. மீட் ஏரியின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது.

1938-ல் ஏரியில் மூழ்கிப்போன செயிண்ட் தாமஸ் என்ற ஊர் மறுபடியும் வெளியே தெரிந்தது. 2022 மே மாதம் ஏரிக்கரைச் சேற்றில் ஒரு பீப்பாய் கிடந்தது. உள்ளே ஒரு மனிதரின் எலும்புகள்! பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ கொலை செய்து, ஆழத்தில் போட்டது. தண்ணீர் வற்றியதும் ரகசியம் வெளியே வந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூலையில் நீர்மட்டம் 2000-ம் ஆண்டில் இருந்ததைவிடச் சுமார் 170 அடி கீழே போய்விட்டது. நகரத்துக்குத் தண்ணீர் எடுத்த முதல் குழாயின் வாய், ஏரிக்கு மேலே தெரிந்தது. நல்ல வேளையாக, ஏரியின் அடியில் இருந்து நீர் எடுக்கும் புதிய குழாயை 2015-லேயே போட்டு முடித்து இருந்தார்கள். இல்லாவிட்டால் நிலைமை விபரீதம் ஆகி இருக்கும்.

அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், ஆற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அமெரிக்க அரசாங்கம் முதல் தடவையாக அறிவித்துவிட்டது. நெவாடாவின் 3 லட்சத்திலும் வெட்டு விழுந்தது.

திரும்பாத தண்ணீர்

அந்த ஊரில் ஓர் அதிசயம் உண்டு. வீட்டுக்குள் செலவாகும் தண்ணீர் வீணாவது இல்லை. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே சுத்தம் செய்து, அதில் பெரும் பகுதியை மீண்டும் மீட் ஏரியிலேயே விடுகிறார்கள். எவ்வளவு விடுகிறார்களோ, அவ்வளவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தோட்டத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் திரும்பி வராது. வெயில் குடித்துவிடும். காற்று குடித்துவிடும். செடி குடித்துவிடும்.

ஆகவே ஊரின் கதி தோட்டத்தில் இருக்கிறது. "எவ்வளவு நேரம் குளித்தாய்?" என்று அங்கே யாரும் கேட்பது இல்லை. "புல்லுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டாய்?" என்றுதான் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 1

கோடையில், ஞாயிற்றுக்கிழமை தவிர, வாரத்துக்கு 6 நாள் தண்ணீர் தெளிக்கலாம். செப்டம்பர் 1-ந் தேதி இந்தச் சட்டம் மாறுகிறது. அன்று முதல் வாரத்துக்கு 3 நாள்தான். எந்தப் பகுதிக்கு எந்த நாள் என்று குறித்துக் கொடுத்து இருக்கிறார்கள். நவம்பர் 1-ந் தேதி முதல் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்!

அங்கே தோட்டக் குழாயை யாரும் கையால் திறப்பது இல்லை. குறித்த நேரத்தில் தானாகத் திறந்து மூடும் கடிகாரம் வீட்டுச் சுவரில் இருக்கும். செப்டம்பரில் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதுதான்.

பலர் மறந்துவிடுகிறார்கள். வெயில் தணிந்துவிடும். இரவு குளிரத் தொடங்கிவிடும். புல்லின் தாகம் பாதியாகக் குறைந்துவிடும். கடிகாரம் மட்டும் கோடைக் கணக்கிலேயே ஓடிக்கொண்டு இருக்கும். வீணாகும் தண்ணீரில் பெரும் பங்கு இப்படி மறதியில் போவதுதான்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். லாஸ் வேகாஸில் ஆற்றில் இருந்து எடுப்பதையும் அளந்துதான் எடுக்கிறார்கள்.

நம் அருகம்புல்தான்!

அங்குள்ள தோட்டங்களில் முக்கியமாக இரண்டு வகைப் புல் உண்டு.

ஒன்று "பெர்முடா புல்." பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது! வெயிலைத் தாங்கும். குளிர் வந்தால் பழுப்பு நிறமாகிப் படுத்துவிடும். ஆனால் சாகாது. வேர் உயிரோடு இருக்கும். வசந்த காலம் வந்ததும் மறுபடி பச்சை பிடிக்கும்.

மற்றொன்று "பெஸ்க்யூ புல்." இது குளிர் நாட்டுப் புல். கோடையில் வாடி, இலையுதிர் காலத்தில் தெம்பு பெறும். இதற்கு உரம் போட ஏற்ற பருவம் இலையுதிர் காலமே. இறுகிப்போன மண்ணில் சிறு சிறு துளைகள் போட்டுக் காற்றும் நீரும் இறங்கும்படி செய்வதும், வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் புதிதாக விதை தூவுவதும் இந்தப் பருவத்தில்தான்.

அருகம்புல் பழுப்பு ஆவது பலருக்குப் பிடிக்காது. "பக்கத்து வீட்டில் பச்சை. நம் வீட்டில் மட்டும் காய்ந்து கிடப்பதா?" என்று நினைப்பார்கள். ஆகவே செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அருகம்புல்லை ஒட்ட வெட்டுவார்கள். அதன்மேல் "ரை" என்ற வேறு புல் விதையைத் தூவுவார்கள். விதை முளைக்கும்வரை தினமும் பல தடவை நனைக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் பச்சையாக இருக்கும். கோடை வந்ததும் ரை புல் கருகிச் செத்துவிடும். அவ்வளவு தண்ணீரும் சில மாதப் பச்சை நிறத்துக்காகச் செலவு!

நிபுணர்கள் சொல்வது இது: "அருகம்புல் தூங்குகிறது. தூங்கவிடுங்கள்."

4 நிமிடம், 3 தடவை

அந்த ஊர் மண் இறுகிய மண். சில இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை தட்டும். சிமெண்டு மாதிரி கெட்டி. தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்காது.

12 நிமிடம் தொடர்ந்து தெளித்தால் பாதித் தண்ணீர் ரோட்டுக்கு ஓடிவிடும். ஆகவே 4 நிமிடம் தெளித்து நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரம் விட வேண்டும். மறுபடி 4 நிமிடம். மறுபடி ஒரு மணி நேரம் கழித்து 4 நிமிடம். மொத்தம் அதே 12 நிமிடம்தான். ஆனால் தண்ணீர் முழுவதும் வேருக்குப் போய்ச் சேரும்.

புல் வெட்டுவதிலும் கணக்கு உண்டு. ஒரே நாளில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. ஒட்ட வெட்டினால் மண் காயும். மண் காய்ந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும்.

செய்யக் கூடாதவை

காகிதப்பூச் செடி, உன்னிச் செடி, அரளி எல்லாம் அங்கேயும் உண்டு. தோட்டத்துக்கு நிறம் கொடுப்பவை இவைதான்.

இலையுதிர் காலத்தில் காகிதப்பூவையும் உன்னியையும் வெட்டிவிடக் கூடாது. தழைச்சத்து உரமும் போடக்கூடாது. அப்படிச் செய்தால் இளந்தளிர் விடும். நவம்பர் கடைசியில் சில இரவுகளில் உறைபனி விழும். இளந்தளிர் கருகிவிடும். காய்ந்த கிளைகள் அப்படியே நிற்கட்டும். கீழே உள்ள வேரைக் குளிரில் இருந்து காப்பது அவைதான். பனி போன பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

உதிர்ந்த இலையைக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டியது இல்லை. மக்க வைத்தால் எரு. செடியைச் சுற்றி 3 அங்குல உயரத்துக்கு மரச் செதிள்களைப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் அடிமரத்தைத் தொடாமல் பரப்ப வேண்டும். தொட்டால் பட்டை அழுகும்.

மரம் நடும் காலம்

பாலைவனத்தில் மரம் நட ஏற்ற காலம் எது? வசந்த காலம் என்று பலர் நினைக்கிறார்கள். இலையுதிர் காலம் அதைவிட நல்லது.

காரணம் இருக்கிறது. காற்று குளிர்ந்துவிடும். மண்ணில் மட்டும் கோடையின் சூடு மிச்சம் இருக்கும். இலைக்கு வேலை இல்லை. வேருக்கு வேலை உண்டு. அடுத்த கோடை வருவதற்குள் வேர் பல மாதம் ஓடி இருக்கும்.

குழியை அகலமாகத் தோண்ட வேண்டும். வேர்க்கட்டியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம். ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவுதான். குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்காமல் நின்றால் அடியில் பாறை இருக்கிறது என்று அர்த்தம். பாறையை உடைக்க வேண்டும். அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும்.

அங்கே விரும்பி நடும் மரங்களில் ஒன்று "மெஸ்கீட்." நம் ஊர் சீமைக் கருவேல மரத்துக்கு நெருங்கிய உறவு! இங்கே அதை வெட்டி எறிகிறோம். அங்கே அது சொந்த மண்ணின் மரம். குறைந்த தண்ணீரில் நிழல் தருகிறது.

8,500 குடம்

லாஸ் வேகாஸில் 1999 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. வீட்டுக்காரர் புல்லைப் பிடுங்கிவிட்டு, பாலைவனச் செடி நட்டால் தண்ணீர் இலாகா பணம் கொடுக்கும். ஒரு சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு.

முதலில் மனுப் போட வேண்டும். புல் உயிரோடு இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பார். பிறகுதான் பிடுங்க வேண்டும். வெறும் கல்லைக் கொட்டி மூடினால் பணம் கிடையாது. புதிய செடிகள் வளர்ந்தால் பாதி இடத்தையாவது மூட வேண்டும். சொட்டு நீர்க் குழாய் போட வேண்டும். 20 கோடி சதுர அடிக்கு மேல் புல்லை இப்படி எடுத்துவிட்டார்கள்.

இதனால் மிச்சம் எவ்வளவு? ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு 73 காலன் தண்ணீர். பாலைவனத் தோட்டத்துக்கு 17 காலன்தான்.

20 அடி அகலம், 30 அடி நீளம் உள்ள ஒரு புல்தரை என்று வைத்துக்கொள்வோம். அது 600 சதுர அடி. நம் வீட்டுக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், அந்தப் புல் ஆண்டுக்குச் சுமார் 11 ஆயிரம் குடம் குடிக்கும். அதே இடத்தில் பாலைவனச் செடி இருந்தால் 2,500 குடத்துக்குச் சற்று மேல். மிச்சம் சுமார் 8,500 குடம்! ஒரே வீட்டில், ஒரே ஆண்டில்!

2002-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பகுதியில் 7 லட்சம் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஆனால் ஆற்றில் இருந்து எடுத்துச் செலவு செய்யும் தண்ணீர் குறைந்து இருக்கிறது.

மரம் சாகலாமா?

இதில் ஒரு துயரமும் இருக்கிறது.

புல்லின் நடுவே பழைய நிழல் மரங்கள் நின்றன. அந்த மரங்களுக்கு என்று தனிக் குழாய் கிடையாது. புல்லுக்குத் தெளித்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவை. சில இடங்களில் புல்லை எடுத்தார்கள். குழாயை மூடினார்கள். மரத்தை மறந்துவிட்டார்கள். இரண்டொரு கோடையில் மரம் பட்டுப்போனது. இது பற்றிப் புகார்கள் எழுந்தன. 2025-ல் விவகாரம் கோர்ட்டுக்கும் போனது.

மரம் என்பது அங்கே அழகுக்கு மட்டும் அல்ல. 2024-ல் அந்த மாவட்டத்தில் வெப்பத்தால் ஏற்பட்ட சாவுகள் 500-க்கு மேல். அப்படிப்பட்ட ஊரில் நிழல் என்பது உயிர்.

இதற்கு வழி உண்டு. புல்லை எடுப்பதற்கு முன்பே மரத்தைச் சுற்றிச் சொட்டு நீர்க் குழாய் போட வேண்டும். அடிமரத்தின் பக்கத்தில் அல்ல. கிளைகளின் நிழல் எங்கே முடிகிறதோ, அங்கே வட்டமாகப் போட வேண்டும். தண்ணீர் குடிக்கும் வேர் அங்கேதான் பரவி இருக்கிறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடாமல், எப்போதாவது ஒரு தடவை, ஆழமாக விட வேண்டும். இந்த வேலையைக் கொளுத்தும் கோடையில் செய்யக்கூடாது. இலையுதிர் காலத்தில் செய்தால் மரம் புதிய குழாய்க்குப் பழகிக்கொள்ளும்.

அலங்காரப் புல்லுக்குத் தடை

2021-ல் நெவாடா மாகாணம் ஒரு சட்டம் போட்டது. "பயன் இல்லாத புல்லுக்கு 2027-ம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து கொலராடோ ஆற்று நீரை விடக்கூடாது" என்பது சட்டம்.

பயன் இல்லாத புல் எது? ரோட்டின் நடுவே, கம்பெனி வாசலில், கடைகளின் ஓரத்தில் வெறும் அலங்காரத்துக்காக வளரும் புல். அதன்மேல் குழந்தை விளையாடுவது இல்லை. பெரியவர் உட்காருவது இல்லை. புல் வெட்டுகிற தோட்டக்காரர் ஒருவர்தான் அதை மிதிக்கிறார்!

தனி வீடுகளின் புல்லுக்கு இந்தச் சட்டம் இல்லை. பள்ளிக்கூட மைதானத்துக்கும், பூங்காவுக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும் இல்லை. குழந்தைகள் ஓடி ஆடும் புல்லை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை.

வீட்டுப் புல்லை என்ன செய்வது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். செப்டம்பர் 1-ந் தேதி காலையில் அப்பா சுவரில் உள்ள கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார். 6 நாளில் 3 நாள் குறைகிறது. அந்த வீட்டில் மிஞ்சுகிற தண்ணீர், 30 மைலுக்கு அப்பால் உள்ள ஏரியில் நிற்கிறது.